என் தம்பியின் இரண்டாம் ஞானஸ்நானம்

ஈப்போ ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப் போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் எதிர்பார்த்தது ஒருவனைத்தான்.

அந்த ஒருவன் என் தம்பி சாமுவேல். அவனுக்கு எழுபத்திரண்டு, எனக்கு எழுபத்தொன்பது. நேரில் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கூட நின்றவர் குட்டையான ஆள். நரைத்த மீசை, தொழிற்சாலைச் சட்டை. நான் தம்பியின் தோளைத் தொடுவதற்குள் அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். தம்பியும் கை நீட்டினான்.

"சாமுண்ணே, நீங்க தூக்காதீங்க லா. அப்புறம் முதுகு யாரு பாக்குறது?" என்று அவர் அதட்டினார்.

தம்பிக்கு முதுகுவலி இருப்பது எனக்குத் தெரியாது.

இவர்தான் சைமன் முனியாண்டி. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் கூடும் முப்பத்தோரு பேருக்குப் போதகர். படிப்பு, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கடந்த மூன்று வருடங்களில் தம்பி எனக்கு எழுதிய கடிதங்கள் ஐந்து. அந்த ஐந்திலும் சேர்த்து இந்தப் பெயர் பதினேழு தடவை வந்திருந்தது.

வேனில் தம்பி முன்னால் ஏறினான், அவர் பக்கத்தில். எனக்குப் பின் இருக்கை. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் இடது முழங்காலை நனைத்துக்கொண்டே வந்தது. வீடு சேர இருபத்து மூன்று நிமிடம். அதற்குள் இருவரும் மூன்று முறை எதற்கோ சிரித்தார்கள். மூன்றாவது முறை என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே, அது ஒரு பழைய கதை" என்றான் தம்பி.

எனக்குத் தெரியாத பழைய கதை ஒன்று என் தம்பியிடம் இருந்தது.

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி கடல் கடந்து வந்து, இந்த ஊர் ரெபேக்காவைக் கட்டிக்கொண்டு, லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தான். நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். அன்று தொடங்கியது எங்கள் கடிதப் போக்குவரத்து. குடும்பச் செய்தி நாலு வரி, மீதியெல்லாம் வேதம். முக்கியமாக இயேசு யார் என்பது. அவர் முழுக்கக் கடவுள் என்றால் பசித்தது எப்படி, முழுக்க மனிதர் என்றால் பாவத்தை மன்னித்தது எப்படி, பிதாவும் மகனும் ஆவியும் மூன்று ஆள்தத்துவம் என்றால் கடவுள் எப்படி ஒருவர்? தம்பி கேட்பான், நான் எழுதுவேன். அவன் எழுதிய ஒவ்வொன்றின் தலையிலும் நான் எண் போட்டு வைத்திருக்கிறேன். கடைசியாக வந்தது அறுநூற்றுப் பதினொன்றாவது. அதில் பதினாறே வரி.

"அண்ணே, வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு நான் ஞானஸ்நானம் எடுக்கிறேன். இயேசுவின் நாமத்தில் மட்டும். நீங்கள் வர வேண்டும்."

முனியாண்டியின் சபையில் திரித்துவம் கிடையாது. கடவுள் ஒருவரே, அவர் பெயர் இயேசு. பிதா, சுதன், ஆவி என்பதெல்லாம் அந்த ஒருவர் எடுத்த மூன்று நிலைகள் என்பது அவர்கள் கட்சி. ஆகையால் மூன்று நாமத்தில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாம். தம்பிக்கு எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது எனக்கு ஏழு வயது. சபை ஐயர் அவன் நெற்றியில் மூன்று கை தண்ணீர் விட்டார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அது செல்லாது என்றால் நான் எண்ணியதும் செல்லாது.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒரு குடும்பம் இதே மாதிரி இரண்டாம் ஞானஸ்நானம் எடுத்தது. அவர்களைச் சபையிலிருந்து நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். ஏழுக்கு இரண்டு என்று நிறைவேறியது. இப்போது என் சொந்தத் தம்பி. அவனைத் தடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மனிதன் தனக்குப் பிடித்த அர்த்தத்தைத்தானே எடுத்துக்கொள்வான். அறுபத்து நான்கு வசனங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு இறால் சம்பல். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் ஊர்க் குழம்பு நாக்கோடு நின்றுவிடும். இது காது வரை போகிறது. ருசியை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

"யார் சமையல்?" என்றேன்.

"முனியா வீட்டுச் சம்பல். செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் குடுத்து விட்ருவாங்க."

இரண்டாவது முறை போட்டுக்கொள்ளவில்லை. பிறகு தம்பி முகம் கழுவப் போனபோது ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெலாப்பாங்கில் காதர் பாய் கடை என்று ஒன்று இருக்கிறது. பாயின் தகப்பனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். கடையில் பதினான்கு மேசைகள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறந்ததும், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை தம்பிக்கும் முனியாண்டிக்கும். வேலை முடிந்து அவர் வருவார். நாலு மணிக்கு வாதம் தொடங்கும். மூன்று வருடமாக இது நடக்கிறதாம்.

ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மாவை ஒருவர் காற்றில் வீசி வீசி விரிக்கிறார், ஒரு ரொட்டிக்கு ஏழு வீச்சு. எங்கள் பரோட்டாவைவிட மெல்லியது, ஆனால் சால்னா கிடையாது. பருப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு அதைக் குழம்பு என்கிறார்கள். தேநீரை ஒரு முழம் உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவது மட்டும் நம் ஊர் டீக்கடை மாதிரியே இருந்தது.

முனியாண்டி வந்து உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "சட்டம் தெரியும்ல பெரியண்ணே? எதிராளு சொன்னத முதல்ல அவருக்குத் திருப்தியா சொல்லணும். அவரு 'அதேதான்'னு சொன்ன பொறகுதான் மறுக்கலாம்" என்றார்.

எனக்குத் தேநீர் புரை ஏறியது. அது என் சட்டம். தம்பியின் பதினான்காவது கடிதத்துக்குப் பதில் எழுதும்போது நான் வகுத்தது. அவசரப்பட்டு மறுக்கிறான் என்று அவனுக்காகவே வகுத்தேன். அதை அவன் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குத் தானம் செய்திருக்கிறான். தம்பியைப் பார்த்தேன். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

முனியாண்டி ஆரம்பித்தார்.

"நான் தோட்டத்துல பொறந்தவன். காலையில மரத்த வெட்டினா வர்றது பாலு. ஸ்டோர்ல ஆசிட் ஊத்தினா கட்டி. அத அழுத்திப் புகையில தொங்க விட்டா ஷீட்டு. பாலு வேற, கட்டி வேற, ஷீட்டு வேறன்னு மூணு சாமானா? ரப்பரு ஒண்ணு. கடவுளும் அப்பிடித்தான். மேல இருந்தப்ப பிதா, பூமியில மகன், இப்ப நமக்குள்ள ஆவி. ஆளு ஒருத்தரு."

தப்பான கொள்கை. ஆனால் நல்ல உவமை. நாற்பது வருடத்துக்கு மேல் தம்பிக்கு எழுதியதில் இப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. நான் சூரியன், ஒளி, வெப்பம் என்று எல்லாரும் சொல்வதைத்தான் எழுதியிருந்தேன். அவர் சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். "அதேதான்" என்றார்.

"ஷீட் ஆன பிறகு அது பால் இல்லை" என்றேன். "ஆனால் யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெறும்போது மகன் தண்ணீருக்குள் நிற்கிறார், ஆவி புறாவைப்போல் இறங்குகிறார், 'இவர் என் நேச குமாரன்' என்று வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. மூன்றும் ஒரே நேரம். உங்கள் ரப்பர் ஒரே நேரத்தில் மூன்றாக இருக்குமா?"

அவர் என் வாதத்தை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். 'அதேதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு மீசையைத் தடவினார்.

"இருக்குமே லா. காலையில பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போங்க. மரத்துல பாலு சொட்டுது, ஸ்டோர்ல கட்டி கெடக்கு, புகை வீட்டுல ஷீட்டு தொங்குது. ஒரே நேரம். தோட்டம் ஒண்ணு."

"அலாமா!" என்று கல்லாவிலிருந்து ஆச்சரியமாக ஒரு குரல். காதர் பாய்தான். அடுத்த கணமே இரண்டு கைகளையும் தூக்கினார். "எனக்குச் சொல்லாதீங்க. நான் கேக்கல. காது அதுபாட்டுக்குக் கேக்குது."

நான் விடவில்லை. "பத்து மணிக்கு மரத்தில் இருக்கும் பால், புகை வீட்டில் தொங்கும் ஷீட் ஆகுமா?"

"ஆகாது."

"மூன்றும் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று மற்றொன்று அல்ல. ஆனாலும் தோட்டம் ஒன்று. சரியா?"

முனியாண்டி மெதுவாகத் தலையாட்டினார்.

"அதுதான் திரித்துவம். நீங்கள் இவ்வளவு நேரம் என் கட்சியைத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

உவமை திரித்துவத்துக்கும் முழுக்கப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தை மூன்று துண்டாக்கலாம், கடவுளை ஆக்க முடியாது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தான். "நான் சொல்லல? எங்கண்ணன் கிட்ட ஆகாதுன்னு சொன்னேன்ல? கஷ்டந்தான், சூசா லா உனக்கு!"

காதர் பாய் எனக்கு மட்டும் இன்னொரு தேநீர் அனுப்பினார். பதினோரு வருடத்தில் அவ்வளவு இனிப்பாக எதையும் குடித்ததில்லை. அறுபத்து நான்கு வசனங்களில் இரண்டைக்கூட நான் தொடவில்லை. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெயிச்சிட்டீங்கண்ணே. ஞாயித்துக்கெழமை எட்டரைக்கு. லகாட் பக்கம் ஈயக் குட்டை. ஏழரைக்கு வேன் வரும்."

"ஏல, என்ன சொல்லுத? நான் ஜெயிச்சிட்டேன்னு நீதான சொன்ன?"

"ஜெயிச்சீங்கண்ணே. யாரு இல்லன்னா?"

முனியாண்டி, வீட்டுக்கு நாலு ரொட்டி தாப்பாவ் செய்து வாங்கிக்கொண்டு போனார். கட்டி எடுத்துப் போவதற்கு இங்கே அதுதான் சொல். தோற்றவர் முகம் அவருக்கு இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை தம்பிக்கு முதுகுவலி. முனியாண்டி என்னைப் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி எண்ணெய்ப்பனை, பாதி ஒரே அச்சில் வார்த்த மாடி வீடுகள். புகை வீட்டின் ஒரு சுவரும், தம்பி வேலை பார்த்த ஆபீசின் ஐந்து படிகளும் மிச்சம். படிகள் மேலே போய் வெறும் காற்றில் முடிந்தன. ஐந்தாவது படியில் ஏறி நின்று பார்த்தேன். கோழிகள் தெரிந்தன.

திரும்பும் வழியில் வேன் நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து மூடியிலிருந்து ஆவி. அது ஆறக் காத்திருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். நம் ஊராக இருந்தால் அதற்குள் பத்துப் பேர் கூடி, பத்து யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒரு சீனர் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பனை நிழலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். "முனியாண்டி, நேற்று உங்கள் வாதம் நிற்கவில்லை. உங்களுக்கே தெரியும். என் தம்பியை விட்டுவிடக் கூடாதா?"

அவர் வேன் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பெரியண்ணே, கோச்சுக்காதீங்க. ரெபேக்கா அக்கா எறந்தப்ப சாமுண்ணே உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டாரு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அறுநூற்று ஆறாவது கடிதம். 'அண்ணே, ராத்திரி முழங்கால் போடுகிறேன். பிதாவைக் கூப்பிடவா, குமாரனையா, ஆவியையா? யாரைக் கூப்பிட்டாலும் மற்ற இருவரையும் விட்டுவிட்டது போல இருக்கிறது. வாயே வரவில்லை' என்று எழுதியிருந்தான்.

"நீங்க பதில் போட்டீங்க" என்றார் முனியாண்டி.

"ஒன்பது பக்கம்" என்றேன். "முப்பத்தோரு வசனம்."

"அத எங்கிட்ட குடுத்து, படிச்சு அர்த்தம் சொல்லுன்னாரு. எனக்கு முக்கால்வாசி வெளங்கல. நான் அப்ப அவரு வீட்டுக்குச் சும்மா போய் வர்ற ஆளு. எனக்கு ஒரு பேருதான் தெரியும், அதச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணேன்னு சொன்னேன். கூப்பிட்டாரு. அழுதாரு. தூங்கினாரு. அவ்வளவுதான் பெரியண்ணே."

என் ஒன்பது பக்கத்தில் ஒரு பிழைகூடக் கிடையாது. இன்றைக்கும் அதைச் சொல்வேன். பிதாவிடம், குமாரன் வழியாக, ஆவியின் துணையோடு ஜெபிக்க வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தேன். ஐந்தாம் பக்கம் வரை அவன் வந்தானா என்பதுதான் தெரியவில்லை.

"இன்னொண்ணு சொல்லவா?" என்றார் முனியாண்டி. "மூணு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் ஒண்ணு சொன்னா, 'எங்கண்ணன் இருந்தா உன்ன விட மாட்டாரு'ம்பாரு. நல்லா சொன்னாலும் அதான், மோசமா சொன்னாலும் அதான். அந்த ரப்பர் கதைய யோசிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு லா. கேட்டுட்டு என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீங்க?"

"என்ன சொன்னான்?"

"'எங்கண்ணன் வரட்டும்.'"

அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் ரயில் நிலையத்தில் இறங்கியதிலிருந்து என் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது எதுவோ, அதுவேதான் இந்த மனிதருக்கும் மூன்று வருடமாக எரிந்திருக்கிறது. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது தம்பி கேட்டான். முதுகுவலிக்காரனைத் தண்ணீரில் சாய்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வலது கை முனியாண்டிக்கு. "எடது கைய நீங்க பிடிக்கணும்ணே. அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

தடுப்பதற்கு அல்ல. பிடிப்பதற்கு.

"முடியாது" என்றேன். "கரையில் நிற்பேன். அதுவே அதிகம். ஊரில் நான் யாரையெல்லாம் நீக்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்."

"தெரியும்ணே" என்றான். "அப்ப அந்தோணிய பிடிக்கச் சொல்றேன்." கஞ்சியை மீதம் வைக்காமல் குடித்தான்.

ஞாயிறு காலை. ஈயம் தோண்டிய பெரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்டது. பச்சைத் தண்ணீர், அக்கரையில் சுண்ணாம்பு மலை. இந்தக் குட்டைகள் திடீரென்று ஆழம் காட்டும். அதனால் முனியாண்டி முந்தின நாளே ஆறு மூங்கில் நட்டு, இடுப்பளவு இடத்துக்குக் கயிறு கட்டியிருந்தார். கரையில் இருபத்தெட்டு பேர். மூன்று பேர் வரவில்லை. பாட்டுப் பாடினார்கள். மெட்டு எங்கள் கோயில் மெட்டு, தாளம் மட்டும் ஒன்றரை மடங்கு வேகம்.

தம்பி வெள்ளைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். வலப்பக்கம் முனியாண்டி. இடப்பக்கம் அந்த அந்தோணி. முப்பது வயது, ஏதோ கட்டடத்தின் காவலாளி. கால்சட்டையை மடித்துவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டு, என் தம்பியின் இடது முழங்கையை ஒரு குடைக்காம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அன்பு பெருகி இறங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கை அங்கே இருப்பது பொறுக்காமல் இறங்கினேன். செருப்பை மட்டும் கழற்றினேன். கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டது. பதினேழு அடி. சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது.

"விடுப்பா" என்றேன்.

அந்தோணி முனியாண்டியைப் பார்த்தான். முனியாண்டி தலையசைத்தார். நான் தம்பியின் இடது கையைப் பிடித்தேன். எலும்பாக இருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் உடம்பின் பாரத்தில் பாதியை என் பக்கம் சாய்த்தான்.

"கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று முனியாண்டி உரக்கச் சொன்னார்.

அதே மூச்சில், உதடு அசையாமல், நான் மூன்று நாமத்தையும் சொன்னேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. சாய்த்தோம். பச்சைத் தண்ணீர் அவன் முகத்தின் மேல் மூடியது. இரண்டு விநாடி. தூக்கினோம். அவன் இருமினான், மூக்கைச் சிந்தினான், பிறகு சிறு பிள்ளையைப் போலச் சிரித்தான். முனியாண்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்ததால் யாரையும் பார்த்திருக்க மாட்டான் என்று வைத்துக்கொண்டேன்.

கடிகாரம் எட்டு நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை வழியனுப்ப இருவரும் வந்தார்கள். தம்பி தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் முனியாண்டி என் பக்கம் நகர்ந்தார்.

"பெரியண்ணே, தண்ணியில நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"எத்தனை கேட்டது?"

"மூணும்."

"சாமுவுக்குக் கேட்டதா?"

"அவரு காதுல தண்ணி லா." மீசையைத் தடவினார். "நானும் கேக்கல. காது அதுபாட்டுக்குக் கேட்டுச்சு."

இந்தக் கட்டுரையை எங்கள் சபையார் படிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன். நீக்குவதானால் இந்த முறையும் ஓட்டெடுப்பு நடக்கட்டும். ஏழுக்கு இரண்டுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அந்த இருவர் யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

ரயில் நகர்ந்ததும் மடியில் நோட்டை வைத்துத் தம்பிக்குக் கடிதம் தொடங்கினேன். ஒன்பது பக்கம் வேண்டாம் என்று ஒரே பக்கத்தில் நிறுத்தினேன். தோட்டத்து உவமை எந்த இடத்தில் ஓட்டை, என் பக்கத்திலும் எங்கே ஓட்டை என்று இரண்டையும் எழுதினேன். அந்த இரண்டாவது ஓட்டைக்கு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதில் யோசிக்கும்படி கேட்டிருந்தேன். மேலே பெயர் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. 'சாமுவேலுக்கு' என்று மட்டும் எழுதினேன். முனியாண்டியின் பெயரைச் சேர்க்கவில்லை.

அவர் எப்படியும் படித்துவிடுவார்.